கேள்வி யாருடையது? கியூபெக் விடுதலை இயக்கமும் பொதுவாக்கெடுப்புச் சர்ச்சையும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அரை நூற்றாண்டாக ஓயாமல் நடந்துவரும் ஒரு உட்சண்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கனடாவோடு இருப்பதா, பிரிவதா என்ற சண்டையை உலகம் அறியும். பிரிய வேண்டும் என்பதில் ஒருமனப்பட்டவர்களே, அதை மக்களிடம் வாக்குக்கு விடுவதா, விட்டால் எப்போது, எந்தச் சொற்களில் கேட்பது என்று தங்களுக்குள் பிளந்துகொண்ட கதை வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த இயக்கத்தின் தலைவர்களை வீழ்த்தியது பெரும்பாலும் இந்தச் சண்டைதான்.

1973 அக்டோபரில் நடந்த மாகாணத் தேர்தலில், பிரெஞ்சில் பார்ட்டி கெபெக்வா எனப்படும் கியூபெக் கட்சி 30 சதவீத வாக்கு பெற்றது. 110 இடங்களில் கிடைத்தவை 6. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1976 நவம்பர் 15 அன்று, அதே கட்சி 41 சதவீத வாக்கோடு 71 இடங்களை வென்று ஆட்சியில் அமர்ந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆளும் லிபரல் கட்சியின் பெயர் கெட்டிருந்தது. செத்துப்போனதாக எண்ணப்பட்ட யூனியன் நேஷனல் கட்சி எழுந்து 18 சதவீத வாக்கைப் பிரித்தது. ஆனால் கட்சிக்குள் நடந்த மாற்றம் ஒன்றும் உண்டு. 1974 நவம்பர் மாநாட்டில், தேர்தலில் வென்றாலும் பொதுவாக்கெடுப்பு நடத்தி மக்கள் ஒப்புதல் பெறாமல் தனி நாட்டை நோக்கி அடி வைக்க மாட்டோம் என்று கட்சி முடிவெடுத்தது. அதுவரை தேர்தல் வெற்றியே விடுதலைக்கான ஆணை என்பதுதான் கட்சிக்குள் பொதுவான எண்ணம். இந்த மாற்றத்துக்கு மூளையாக இருந்தவர் குளோத் மொரேன். நான்கு முதல்வர்களின் கீழ் ஒட்டாவாவில் உள்ள கனடா அரசோடான உறவுகளைக் கவனித்த உயர் அதிகாரியாக இருந்துவிட்டு, 1972இல் கட்சியில் சேர்ந்தவர். அவர் வகுத்த பாதைக்குப் 'படிப்படி வழி' என்று பெயர் விழுந்தது.

அதை எதிர்த்தவர்களை அவசரக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமல்ல. 1960இல் தொடங்கிய தேசிய விடுதலைக்கான இயக்கம், பியர் பூர்கோவின் தலைமையில், தெருவிலும் மேடையிலும் விடுதலை என்ற சொல்லை ஒளிவுமறைவின்றிப் பேசி ஒரு தலைமுறையைப் பழக்கியது. ரெனே லெவெக் 1968இல் கியூபெக் கட்சியை நிறுவியபோது அந்த இயக்கத்தோடு இணைய மறுத்தார். பூர்கோ தம் இயக்கத்தைக் கலைத்துவிட்டு, தொண்டர்களைத் தனித்தனியாகப் புதிய கட்சியில் சேரச் சொன்னார். தம் அமைப்பையே விட்டுக்கொடுத்து வந்தவர்களுக்கு, விடுதலையை ஒரு தேர்தலுக்குப் பின், அதற்கும் பின் ஒரு வாக்கெடுப்புக்குப் பின் என்று தள்ளிவைப்பது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அவர்களுடைய அச்சத்தில் சாரமும் இருந்தது. நல்ல ஆட்சிக்காக மட்டும் வாக்குக் கேட்டு வருகிற கட்சி, நல்ல ஆட்சி நடத்துகிற கட்சியாகவே நின்றுபோகும் என்பதே அந்த அச்சம்.

இந்த வழக்கில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக்கெடுப்பை ஏற்றது சரி. கட்சிக்குப் போடும் வாக்கு வேறு, நாட்டுக்குப் போடும் வாக்கு வேறு என்று பிரித்ததும் சரி. ஆனால் அப்படிப் பிரித்த பின் தவிர்க்க முடியாமல் தொடர்கிற ஒன்றை இரு தரப்புமே ஏற்கவில்லை. வாக்குகள் இரண்டு என்றால், கேள்வியும் இனிக் கட்சியின் சொத்து அல்ல. கட்சிக்கு வாக்களிக்காதவர்களிடமும் போய்க் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர்களோடு சேர்ந்து உருவாக்க வேண்டிய கேள்வியும்கூட. படிப்படி வழியினர் அதை ஆட்சிக்கு ஊறு வராமல் ஒத்திப்போடுகிற தேதியாகக் கையாண்டார்கள். அந்த வழியை எதிர்த்த கறாரானவர்கள் அதைத் தலைவரின் விசுவாசத்தை உரசிப்பார்க்கிற தேதியாகக் கையாண்டார்கள். இருவர் கையிலும் அது கட்சிக்குள்ளேயே கிடந்தது.

1980 மே 20 அன்று நடந்த முதல் வாக்கெடுப்பு இதற்குச் சான்று. கேள்வி நூறு சொற்களுக்கும் மேல் நீண்டது. தனி நாடாக ஒப்புகிறீர்களா என்று அது கேட்கவில்லை. இறைமையுள்ள நாடாகி, கனடாவோடு பொருளாதார இணைவையும் பொது நாணயத்தையும் வைத்துக்கொள்ளும் உடன்பாடு ஒன்றைப் பேசி வர அரசுக்கு அனுமதி தருகிறீர்களா என்று கேட்டது. பேசி வந்த பிறகும், இன்னொரு வாக்கெடுப்பு இல்லாமல் எதுவும் மாறாது என்று கேள்விக்குள்ளேயே உறுதி தரப்பட்டிருந்தது. அன்று நிதியமைச்சராக இருந்த ஜாக் பாரிசோவுக்கு இந்த இரண்டாம் வாக்கெடுப்பு உறுதி உவக்கவில்லை, பொறுத்துக்கொண்டார். இவ்வளவு மெத்தை விரித்தும் 'ஆம்' என்றவர்கள் 40.4 சதவீதம், 1976இல் கட்சி பெற்ற வாக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மென்மையாக்கிய கேள்வி புதிதாகப் பெரும் கூட்டத்தைச் சேர்க்கவில்லை. ஓராண்டுகூட ஆகவில்லை, 1981 ஏப்ரலில் அதே மக்கள் அதே கட்சிக்கு 49 சதவீத வாக்கும் 80 இடங்களும் கொடுத்து மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வாக்காளர்கள் குழம்பினார்கள் என்று சொல்ல இடமில்லை. கட்சியே பிரித்துக்கொடுத்த இரு வாக்குகளையும் அவர்கள் இரு வேறு வாக்குகளாகவே பயன்படுத்தினார்கள். 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம் அலுவலகத்திலும் பள்ளியிலும் கடைப் பெயர்ப்பலகையிலும் பிரெஞ்சுக்கு இடம் உறுதிசெய்தது. மொழி பிழைக்குமா என்ற கவலையால் விடுதலையை நாடியவர்களில் பலருக்கு, தனி நாடு இல்லாமலே அந்தக் கவலையின் பாரம் குறைந்தது. நல்ல சட்டம் இயற்றியதற்காக ஒரு கட்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு தனி நாடு எதற்கு என்ற கேள்விக்குப் புதிய விடை தேவைப்பட்டது. அந்த விடையைத் தேடியிருக்க வேண்டிய ஆண்டுகளில் கட்சி வேறொன்றில் மூழ்கியது.

1981 நவம்பரில், கியூபெக்கின் சம்மதம் இல்லாமலே கனடாவின் புதிய அரசியல் சட்டத்துக்கு ஒட்டாவாவும் மற்ற ஒன்பது மாகாணங்களும் உடன்பட்டன. அந்தக் கோபம் ஆறுமுன் டிசம்பர் மாநாட்டில், கனடாவோடு இணைவு என்ற பேச்சைக் கைவிட வேண்டும் என்று தொண்டர்கள் தீர்மானித்தார்கள். முதல்வர் லெவெக் பதவி விலகுவதாக எச்சரித்து, கட்சி உறுப்பினர் அனைவரிடமும் அஞ்சல் வழியே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்; 95 சதவீதம் பேர் அவர் பக்கம் நின்றார்கள். நாட்டைப் பற்றிய வாக்கெடுப்பு, கட்சியைப் பற்றிய வாக்கெடுப்பாகச் சுருங்கியது இங்கேதான். 1984இல் பிரையன் மல்ரோனி ஒட்டாவாவில் ஆட்சிக்கு வந்து கியூபெக்கோடு சமரசம் பேச முன்வந்தபோது, அதைத் துணிந்து எடுத்துப் பார்க்கத் தகுந்த அபாயம் என்று லெவெக் கருதினார். அடுத்த தேர்தலில் இறைமையைப் பேச வேண்டாம் என்றார். பாரிசோ, மொழிச் சாசனத்தை வடித்த கமீய் லோரான் உள்ளிட்ட அமைச்சர்கள் வரிசையாக விலகினார்கள். 1985 ஜூனில் லெவெக் தாமே விலகினார். அந்த ஆண்டு டிசம்பரில் கட்சி ஆட்சியை இழந்தது. இத்தனையிலும் வாதம் முழுக்கக் கட்சியின் திட்ட அறிக்கையில் ஒரு வாக்கியம் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே நடந்தது. கட்சிக்கு வெளியே இருந்த கியூபெக்காரர் ஒருவரை அந்த வாக்கியம் எப்படி இணங்க வைக்கும் என்று கேட்டவர்கள் அரிது.

1995 வேறு மாதிரி அமைந்தது. சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஆண்டு இது. 1988இல் கட்சியின் தலைமைக்கு வந்த பாரிசோ, சுற்றிவளைக்காமல் கேட்பவர். 1994 செப்டம்பரில் வென்றதும், டிசம்பரில் வைத்த வரைவுச் சட்டம் கியூபெக் இறைமையுள்ள நாடு என்று நேரடியாகச் சொன்னது. பிறகு மாகாணமெங்கும் பகுதிவாரியாகக் கியூபெக்கின் எதிர்காலம் பற்றிய ஆணையங்கள் அமர்ந்து பொதுமக்களின் கருத்தைக் கேட்டன. இதற்கிடையே, கனடா நாடாளுமன்றத்தில் 1993 முதல் 54 இடங்களோடு அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக இருந்த பிளாக் கெபெக்வாவின் தலைவர் லூசியன் புஷார், ஏப்ரலில் தம் கட்சி மாநாட்டில் பாதை திரும்ப வேண்டும் என்றார். கனடாவோடு கூட்டாண்மை என்பதைச் சேர்க்காமல் வாக்கெடுப்புக்குப் போனால் தோல்வி என்பது அவர் வாதம். பாரிசோ பணிய விரும்பாதவர். ஆனாலும் ஜூன் 12 அன்று, புஷாரோடும் இளம் ஜனநாயகச் செயல் கட்சித் தலைவர் மாரியோ துமோனோடும் முத்தரப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டார். வசந்தத்தில் நடக்கவிருந்த வாக்கெடுப்பு இலையுதிர் காலத்துக்குப் போனது. அக்டோபர் 7 அன்று, வென்றால் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்குபவர் புஷார் என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 30 அன்று வாக்காளர்களில் 93.5 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். 'ஆம்' 49.42 சதவீதம், 'இல்லை' 50.58 சதவீதம். இடைவெளி 54,288 வாக்குகள்.

படிப்படி வழியினர் இதைத் தங்கள் வெற்றியாகக் காட்டுவார்கள். மென்மையாக்கியதால்தான் இவ்வளவு நெருங்கினோம் என்பார்கள். கறாரானவர்களோ, கேள்வி தெளிவாக இருந்திருந்தால் வென்றிருப்போம் என்பார்கள். மென்மைதான் காரணம் என்றால், அதைவிட மென்மையான 1980 கேள்வி ஏன் 40ஐத் தாண்டவில்லை? என் பார்வையில், 1995இல் கேள்வி முதல் முறையாக ஒரே கட்சியின் கையை விட்டு வெளியேறியது. 1994 தேர்தலில் கியூபெக் கட்சியின் வாக்கு 44.75 சதவீதம், துமோனின் கட்சிக்கு 6.5 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 51 வருகிறதே, அதைவிடக் குறைவாகத்தானே வாங்கினீர்கள் என்று ஒருவர் மடக்கலாம். மடக்கட்டும். துமோனுக்கு வாக்களித்தவர்கள் எல்லாம் பிரிவினையை விரும்பியவர்கள் அல்லர். அவர்களில் கணிசமானோர் 'ஆம்' பக்கம் வந்ததே பாரிசோ தம் கேள்வியைப் பிறரோடு பகிர்ந்துகொண்டதால்தான். கட்சியின் சொந்த வாக்குக்கு மேலே 'ஆம்' ஏறியது இரண்டு வாக்கெடுப்புகளில் இந்த ஒரு முறைதான்.

ஆனால் பகிர்வு எதுவரை போகவில்லை என்பதையும் அதே அக்டோபர் காட்டியது. வடக்கே ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியின் கிரீ மக்கள், மாகாண வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பு, தங்களுக்கென்று தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 96 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தங்கள் சம்மதமின்றித் தங்களையும் தங்கள் மண்ணையும் கனடாவிலிருந்து பிரிப்பதை மறுத்தார்கள். மக்கள் தாமே முடிவு செய்யும் உரிமை என்பது கியூபெக்குக்கு உண்டென்றால் எங்களுக்கும் உண்டு என்ற அவர்களுடைய வாதத்துக்கு, இயக்கத்தின் எந்தத் தரப்பிடமும் மனதில் நிற்கிற விடை இருக்கவில்லை. தோல்வி உறுதியான இரவில் பாரிசோ மேடையேறி, பணமும் இனக்குழு வாக்குகளும் தங்களைத் தோற்கடித்தன என்று பேசினார். மறுநாள் பதவி விலகலை அறிவித்தார். வாய் தவறிய பேச்சு என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. குடிவந்தவர்களையும் ஆங்கிலம் பேசுவோரையும் கேள்வியின் பங்காளிகளாக எண்ணியிருந்தால், தோற்ற இரவில் அந்தச் சொற்கள் நாவுக்கு வந்திருக்காது. அன்று மான்ட்ரியலின் குடியேற்றப் பகுதிகளில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு, இந்த நாடு எங்களுக்கும் சேர்த்துத்தானா என்ற ஐயம் எழுந்திருந்தால் அதில் தவறில்லை. இயக்கம் அந்தக் காயத்தை ஆற்றப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இனி என் நிலைக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபம்: பொதுவாக்கெடுப்பே எதற்கு? நாடாளுமன்ற மரபில் தேர்தல் வெற்றியே ஆணை. கனடா 1867இல் உருவானபோதும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லையே என்கிறார்கள். வலுவான வாதம்தான். ஆனால் எண்கள் ஒத்துழைக்கவில்லை. 1994இல் கியூபெக் கட்சிக்கும் லிபரல் கட்சிக்கும் இடையே வாக்கு வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. இடங்களோ 77க்கு 47. 1998இல் லிபரல் கட்சியைவிடக் குறைந்த வாக்கு வாங்கியும் கியூபெக் கட்சி 76 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. இந்தத் தேர்தல் முறையை நம்பி ஒரு நாட்டைப் பிரகடனம் செய்தால், எதிர்த்து வாக்களித்த பெரும்பான்மைக்கு அந்த நாடு எப்படி நாடாகும்? கேட்டலோனியா 2015இல் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. தேர்தலையே வாக்கெடுப்பாக அறிவித்துப் போட்டியிட்ட விடுதலைக் கட்சிகள் 135 இடங்களில் 72ஐ வென்றன. வாக்கு 48 சதவீதத்தை எட்டவில்லை. வாக்கெடுப்பாகப் பார்த்தால் நாம் வெல்லவில்லை என்று அந்த அணியிலேயே தீவிரமான கட்சியின் வேட்பாளர் ஒப்புக்கொண்டார். பிரகடனம் முன்னே வந்து வாக்கெடுப்பு பின்னே வந்த முன்மாதிரி நார்வே. 1905 ஜூனில் நாடாளுமன்றம் சுவீடனோடான இணைப்பு முடிந்தது என்று அறிவித்தது. ஆகஸ்டில் மக்கள் வாக்களித்தபோது எதிர்த்தவர்கள் மொத்தம் 184 பேர். அப்படி ஒருமித்த இடத்தில் வாக்கெடுப்பு எந்த வரிசையில் வந்தாலும் பாதகமில்லை. பாதிக்குப் பாதி பிளந்திருக்கிற கியூபெக்குக்கு நார்வேயைக் காட்டுவது பொருந்தாது.

இரண்டாவது ஆட்சேபம் களத்தின் சாய்வைப் பற்றியது. எதிர்த்தரப்பு பணம் கொட்டுகிறது, விதிகளைத் தானே மாற்றுகிறது, அப்படியிருக்க வாக்கெடுப்புக்குப் போவது வலைக்குள் போவதாகாதா? இதில் உண்மை உண்டு. 1995 பிரசாரத்தில் 'இல்லை' தரப்புக்கு ஆதரவாகச் சட்டத்துக்குப் புறம்பாகச் சுமார் 5 லட்சத்து 39 ஆயிரம் டாலர் செலவிடப்பட்டது என்று நீதிபதி கிரெனியேவின் விசாரணை 2007இல் கண்டது. 2000இல் ஒட்டாவா இயற்றிய தெளிவுச் சட்டம், கேள்வி தெளிவா, பெரும்பான்மை போதுமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கனடா நாடாளுமன்றத்துக்கே கொடுத்தது. எத்தனை சதவீதம் போதும் என்று மட்டும் அதில் சொல்லவில்லை. இது அநியாயம் என்றே நானும் எண்ணுகிறேன். ஆயினும் 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் தந்த கருத்தை முழுதாகப் படிக்க வேண்டும். ஒருதலையாகப் பிரியும் உரிமை இல்லை என்று சொன்ன அதே நீதிமன்றம், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் பேச்சுவார்த்தைக்கு வரும் கடமை மற்ற தரப்புகளுக்கு உண்டு என்றும் சொன்னது. அந்தக் கடமையை வாக்கெடுப்பில் மக்கள் தரும் முடிவோடு பொருத்தியே அது பேசியது. களம் சாய்ந்திருக்கலாம், எதிர்த்தரப்பைச் சட்டப்படி மேசைக்குக் கொண்டுவரக்கூடிய வழியும் அந்தக் களத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தோற்கிற வாக்கெடுப்பு ஒரு தலைமுறைக்குக் கதவைச் சாத்திவிடும். ஆகவே வெல்லும் சூழல் கனியும்வரை பொறு. 1996 ஜனவரியில் முதல்வரான புஷார் இதைத் தம் ஆட்சிக் கொள்கையாகவே வைத்தார். மூன்றாம் தோல்வி வந்தால் கியூபெக் எதையும் கேட்க முடியாத நிலைக்குப் போகும் என்ற கவலை பொறுப்புள்ள கவலைதான். ஆனால் அந்தச் சூழல் தானாகக் கனிகிற பழமா? புஷார் அரசு பற்றாக்குறையற்ற வரவுசெலவுத் திட்டத்தை முதற்பணியாக்கி, மருத்துவத்திலும் கல்வியிலும் செலவைக் குறைத்தது. 1995இல் 'ஆம்' பக்கம் நின்ற தொழிற்சங்கத்தாரும் செவிலியரும் ஆசிரியரும் அந்தக் குறைப்பின் சுமையை நேராகத் தாங்கினார்கள். சூழலுக்காகக் காத்திருந்த அரசே சூழலைக் கலைத்துக்கொண்டிருந்தது. 1996 மாநாட்டில் தொண்டர்கள் புஷாருக்கு 76.7 சதவீத நம்பிக்கை வாக்கு மட்டுமே தந்தார்கள். அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார், 2001இல் விலகினார். அங்கேயும் கோபம் தேதியைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசியது.

பிந்தைய தேர்தல்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை எந்தத் தரப்புக்கும் முழு ஆறுதல் தருவதில்லை. கியூபெக் கட்சியின் 2005 மாநாடு, முதல் ஆட்சிக்காலத்திலேயே கூடிய விரைவில் வாக்கெடுப்பு என்று தீர்மானித்தது. 2007இல் கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. போலின் மாருவா தலைமைக்கு வந்து அந்தக் கட்டாயத்தை நீக்கினார். 2011இல் கட்சியை விட்டு வெளியேறிய சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவரான ஜான்-மார்ட்டின் ஓசான், இறைமையைத் தள்ளிப்போடாத கட்சி வேண்டும் என்று தனிக் கட்சி கண்டார். 2014 தேர்தலில் வாக்கெடுப்பு உண்டா இல்லையா என்று மாருவா தெளிவாகச் சொல்லவில்லை. வாக்கு 25 சதவீதமானது. 2018இல் கட்சித் தலைவர் ஜான்-பிரான்சுவா லிசே முதல் ஆட்சிக்காலத்தில் வாக்கெடுப்பே இல்லை என்று உறுதி கொடுத்தார், 17 சதவீதம். 2022இல் தலைவர் போல் சேன்-பியர் பிளாமோன்தோன் முதல் ஆட்சிக்காலத்திலேயே கட்டாயம் உண்டு என்றார்; 14.6 சதவீதம், மூன்று இடங்கள். உண்டு, இல்லை, பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய எல்லா விடைகளையும் சொல்லிப் பார்த்தாயிற்று. தலைமுறை மாறியது, புதிய கட்சிகள் எழுந்தன, இந்தச் சரிவில் அவற்றுக்கும் பங்குண்டு. சரிவு முழுதையும் ஒரு சர்ச்சையின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் எந்த விடையும் சரிவைத் தடுக்கவில்லை என்றால், வாக்காளர்கள் எதிர்பார்த்தது தேதியைப் பற்றிய விடையை அல்ல என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வியைக் கட்சியிடமிருந்து எடுத்து வெளியே வைக்க ஒரு யோசனை இன்றும் அங்கே உண்டு. விடுதலையை ஏற்கிற இடதுசாரிக் கட்சியான கியூபெக் சாலிடேர், முதலில் மக்கள் தேர்ந்தெடுக்கிற அரசியல் நிர்ணய சபை ஒன்று கூடி நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதட்டும், அதைப் பிறகு வாக்கெடுப்புக்கு விடலாம் என்கிறது. அந்தச் சபையில் கிரீ மக்களின் பிரதிநிதிகளும் மான்ட்ரியலில் குடியேறியவர்களும் அமர்ந்து எழுதினால், 1995 அக்டோபர் விட்டுச்சென்ற குறைகளில் சிலவற்றையாவது அது தொட முடியும். நான் அந்த யோசனையின் பக்கம் சாய்கிறேன். ஆனால் 2017 மே மாதம், கியூபெக் கட்சியோடு தேர்தல் உடன்பாடு வைத்துக்கொள்வதை அதே கியூபெக் சாலிடேரின் மாநாடு நிராகரித்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் இரண்டும் தனித்தனியே நின்றன. ஒன்றுக்கு 17 சதவீதம், இன்னொன்றுக்கு 16 சதவீதம். ஆளுக்குப் பத்து இடங்கள். 37 சதவீத வாக்கு பெற்று, வாக்கெடுப்பே நடத்த மாட்டேன் என்ற கட்சி 74 இடங்களோடு ஆட்சியில் அமர்ந்தது.